மஞ்சள் வைத்த பாரின் கோட்டு

இந்த முறை வேட்டி கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

யாரும் பதற வேண்டாம். ஒன்றும் கட்டாமல் போவேன் என்று அர்த்தமில்லை. என் மைத்துனன் திலீப்பின் கல்யாண வரவேற்பில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன் என்றுதான் அர்த்தம்.

காரணம் சொல்கிறேன். என் மாமனார் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். எந்த நல்ல காரியமானாலும் அவருடைய மாப்பிள்ளைகள் இருவரும் அவர் தறியில் ஓடின வேட்டியைத்தான் கட்ட வேண்டும். அதுவும் தண்ணீரில் நனைக்காமல், மடிப்புக் கலையாமல், கஞ்சி விறைப்போடு. அந்த வேட்டி என் இடுப்பில் நிற்காது. தரையில் தானாக நிற்கும். நான்தான் அதற்குள் இறங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும், எழுந்தால் அது மட்டும் உட்கார்ந்தபடியே இருக்கும். எங்கள் குடும்ப ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நான் ஒற்றைக் கையால்தான் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருக்கும்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் சகலை இளங்கோவன், அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், பெங்களூரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். கோட்டு, பேன்ட்டு, கழுத்தில் டை. 'ரிசப்ஷனுக்கு ரெடி' என்று கீழே ஒரு வரி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் மட்டும்தான் இறங்கியது.

ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைப் பையன் வரவேற்புக்குப் போடுகிற உடுப்பை அவனுடைய பாவா வாங்கித் தர வேண்டும். பாவா என்றால் அக்கா புருஷன். ஆந்திரா எல்லை என்பதால் எங்கள் பக்கம் அந்தத் தெலுங்கு வார்த்தைதான் புழக்கம். திலீப் முதலில் பெங்களூர் பாவாவைக் கேட்டிருக்கிறான். அவர் 'திருத்தணி பாவாவைக் கேள்' என்று கையைக் காட்டிவிட்டார். போன மாதம் பையன் என் முன்னால் வந்து நின்றான்.

"பாவா, ஒரு கோட்டு..."

"கோட்டா? டேய், அது குளிர்ல நடுங்கறவன் கண்டுபிடிச்சதுடா! கத்திரி வெயில்ல உனக்கு எதுக்கு? ஒங்கப்பா தறியில ஓடின வேட்டிய கட்டிகினு மேடையேறு. பாத்தவன் எழுந்து நிப்பான்!"

அரை மணி நேரம் பேசினேன். தமிழன், தறி, தன்மானம் என்று எதையும் விடவில்லை. பையன் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினான். பக்கத்தில் என் மனைவி தேவிப்பிரியா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பீன்ஸ் கொஞ்சம் சத்தமாகவே நறுக்கப்பட்டது.

இவ்வளவும் பேசிவிட்டு எனக்கென்று ஒரு கோட்டு வாங்க முடியுமா? முடியும். மூளை இருந்தால் முடியும்.

நான் திருத்தணி வட்ட நுகர்வோர் விழிப்புணர்வு மன்றத்தின் தலைவர். செயலாளர், பக்கத்து வீட்டுப் பக்தவச்சலம். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். தொழில், தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நான் சட்டம் படித்தவனில்லை, ஆனால் ஏராளமான சட்டத்தைப் பிரதி எடுத்தவன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எந்தப் பக்கத்தில் மை மங்கும் என்பது வரை தெரியும். அடுத்த கூட்டத்தில் நான் பேசப்போகும் தலைப்பை, சகலையின் போட்டோ வந்த அன்றைக்கே அறிவித்தேன்: 'வெளிநாட்டுப் பழைய துணி வாங்குவோருக்குச் சட்டப் பாதுகாப்பு.' ஆராய்ச்சி இல்லாமல் பேச முடியுமா? ஆராய்ச்சிக்கு ஒரு கோட்டு வேண்டாமா? வரவேற்புக்கு முந்தின நாள் காலையில் ஆராய்ச்சிக்குக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் கண்ணையன் கடை. வெளிநாட்டிலிருந்து பழைய துணி பேல் பேலாக, அதாவது பெரிய பெரிய மூட்டையாக, அங்கே வந்து இறங்கும். வாசலில் ஒரு போர்டு: 'பாரின் துணி. பார்த்து எடுக்கவும். எடுத்தது திரும்பாது. கோபப்படக் கூடாது.'

"இன்னா வேணும் தலைவரே?"

"சட்டப்படி ஒரு கோட்டு வேணும்."

"சட்டப்படி இல்ல சார். சைஸ்படிதான் கீது."

சைஸ்படி ஒன்றும் சரிப்படவில்லை. எல்லாக் கோட்டும் முதுகுப்பக்கம் சம்மதித்தது, வயிற்றுப்பக்கம் மறுத்தது. கடைசியில் கண்ணையன் ஒரு பேலுக்குள் தலைகீழாக இறங்கி எதையோ இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கருநீலம். முழங்கால் வரை நீளம். உள்ளே பஞ்சு. தலைக்கு ஒரு குல்லா, அதைச் சுற்றி ஏதோ மிருகத்தின் முடி. முழங்காலில் தொடங்கி முகவாய் வரை ஒரே ஜிப்பு.

"இது கோட்டா, மெத்தையா?"

"கோட்டுதான் சார். பனி கொட்டற ஊர்ல பெரிய பெரிய ஆபீசருங்க போடறது. நம்ம ஊர்ல இத போட்டவன் ஒருத்தன் கெடையாது."

"ஏன்?"

"அந்தத் தகுதி யாருக்கும் வரல சார்."

இந்த இடத்தில்தான் விழுந்தேன். சகலையின் கோட்டு இடுப்போடு நின்றுவிட்டது. என்னுடையது முழங்கால் வரை வரும். நீளத்திலேயே தெரிந்துவிடுமே யார் பெரிய மாப்பிள்ளை என்று!

"பில்லு?"

"பில்லு பேலுக்குத்தான் சார். ஒத்தத் துணிக்கு இன்னா பில்லு?"

பில் தர மறுப்பது குற்றம். மனதில் குறித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. அவசரம். பணம் அனுப்புவதில் ஒரு சின்னத் தடங்கல். எங்கள் வீட்டில் என் போனுக்குப் பணம் வாங்கும் உரிமையும் இல்லை, கொடுக்கும் உரிமையும் இல்லை. இரண்டும் தேவி போனில்தான். கூப்பிட்டேன்.

"தேவி, ஒரு ஆராய்ச்சிப் பொருள் வாங்கிகீறேன். கண்ணையன் நம்பருக்குக் கொஞ்சம் அனுப்பு."

"ஆங், அனுப்பறேங்க."

இன்ன பொருள், எதற்கு, ஏன் இவ்வளவு விலை என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தேவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? யாரு வூட்டு மெத்தைய உருவிகினு வந்தீங்க?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிய எதுக்குங்க தோள்மேல வச்சிப் பாக்கறீங்க?"

"உள்ள பூந்து பாத்தாத்தான் குறை தெரியும். நாளைக்கி ரிசப்ஷன்ல போட்டுகினு நாலு பேர் முன்னாடி நின்னாத்தான் முழுக் குறையும் தெரியும். எல்லாம் பொதுமக்களுக்காக."

வெடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"சரி, இருங்க. மஞ்சள் வைக்காம புதுசு போடக் கூடாது."

"இது பழசு தேவி."

"அத போட்டவனுக்குப் பழசு. நமக்குப் புதுசுதான? தம்பி கல்யாணம் கீற நேரத்துல எதுக்கு வம்பு?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புதுத்துணிக்கு ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் மனைவி ஒரு கிண்ணம் நிறையக் குழைத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கோட்டுக்குள் நிற்க வைத்து, ஜிப்பை முகவாய் வரை இழுத்துவிட்டு, கீழிருந்து மேல்வரை ஜிப்பின் மேலேயே தீற்றினாள்.

"இவ்வளவு எதுக்கு?"

"பாரின் துணிங்க. ஓரம் எதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் வச்சிட்டேன்."

பிறகு என்னை ஒரு போட்டோ எடுத்து அவள் அக்காவுக்கு அனுப்பினாள். "காயட்டும், ஆடாம ஒக்காருங்க" என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தாள். சகலை அந்தப் போட்டோவைப் பார்த்துக் கருகுவதை நினைத்தபடியே ஒரு தூக்கம் போட்டேன்.

எழுந்தபோது நான் வெந்துகொண்டிருந்தேன். வெளியே கத்திரி வெயில். உள்ளே பஞ்சு. ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். நான்தான் முன்னால் வந்தேன். கீழ்ப்பக்கமாக உருவ முடியாதபடி வயிறு தடுத்தது. மேல்பக்கமாக உருவலாம் என்று கோட்டைத் தூக்கியதில் தலை உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் பக்தவச்சலம் உள்ளே வந்தார்.

"அம்மா! நாற்காலியில யாரும்மா? தலையே காணோம்!"

"தலைவர்தாங்க" என்றாள் தேவி.

இருவரும் சேர்ந்து என் தலையை இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தேவி கத்திரிக்கோலை எடுத்தாள்.

"தொடாத!" என்று கத்தினேன். "இது சாட்சி! குறையுள்ள பொருள்! கோட்ட வெட்டினா வழக்கும் போச்சு! பில்லுல வேற கெடு போடலன்னா முப்பது நாளுக்குள்ள திரும்ப எடுத்துகினு காச குடுக்கணும். பழசா இருந்தா இன்னா, புதுசா இருந்தா இன்னா? குறை குறைதான்!"

"முப்பது நாளும் இதுக்குள்ளயே இருப்பீங்களா?"

"இப்பவே போறேன். போட்ட கோலத்திலேயே போறேன். கண்ணையன் மறுத்தான்னா, திருவள்ளூர் நுகர்வோர் ஆணையம் வரைக்கும் இப்படியே போவேன்!"

"மின்சார ரயில்ல ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்வாங்க" என்றார் பக்தவச்சலம்.

"நீங்க போனை எடுங்க. எல்லாத்தையும் வீடியோ புடிங்க. ஆதாரம்."

கிளம்பினோம். ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அன்று கிருத்திகை.

கிருத்திகையில் திருத்தணித் தெருவில் ஒருவன் எதைச் செய்துகொண்டு நடந்தாலும் அது வேண்டுதல்தான். அலகு குத்தி வருவார்கள், காவடி எடுத்து வருவார்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வருவார்கள். வேகிற வெயிலில், பனிக்கோட்டுக்குள், மஞ்சள் பூசி, ஆறாக வியர்த்துக்கொண்டு, கண்ணில் ஒரு வெறியோடு ஒருவன் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கைகூப்பினார்.

"ஏம் மொக்குபடி சாமி?"

என்ன வேண்டுதல் என்று கேட்கிறார். 'ஜிப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பேச வைக்காதீங்க. மௌன வெரதம் போலகீது. மூஞ்சப் பாருங்க, எவ்ளோ கஷ்டம்!"

"அரோகரா!" என்று யாரோ ஆரம்பித்தார். ஒரு வீட்டிலிருந்து குடம் வந்தது. என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் நீர்மோர் நீட்டினார்கள். அதை மட்டும் மறுக்கவில்லை. ஒரு தாய் கைக்குழந்தையை என் குல்லாவின் முடியில் தொட வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினேன். கூட்டமும் திரும்பியது.

"மலை அந்தப் பக்கம் சாமி!"

"கடைக்கிப் போறேன்!"

"மொதல்ல கடையாம்! அங்க ஏதோ பூஜ போல!" என்று அதற்கும் அரோகரா சொன்னார்கள்.

இப்படியாக ஒரு நுகர்வோர், மேளம் மட்டும் இல்லாமல், தன் உரிமையைக் கேட்கப் போய்ச் சேர்ந்தான்.

கண்ணையன் வெளியே வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அப்புறம் என் முகத்தை அடையாளம் கண்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"தலைவரே, இன்னா கோலம் இது?"

"கோலம் இல்ல. குறை! பொருளில் குறை! ஜிப்பு வேலை செய்யல. சட்டப்படி கோட்ட எடுத்துகினு காச குடு. இன்னொண்ணு. பழச புதுசுன்னு சொல்லி விக்கறது முறையற்ற வணிகம். வீடியோ புடிங்க, பக்தவச்சலம்!"

"புடிச்சிகினே கீறேன் தலைவரே. விரலு கொஞ்சம் விழுது."

கண்ணையன் நிதானமாகக் குனிந்து ஜிப்பைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"நா எப்ப சார் புதுசுன்னேன்? போர்டுல பாரின் துணின்னுதான் கீது. பழசுக்கு யாராவது மஞ்சள் வைப்பாங்களா? வச்சது யாரு?"

"அது... எங்க வூட்ல..."

"அப்போ இது புதுசுன்னு முடிவு பண்ணது ஒங்க வூடு. நா இல்ல."

கூட்டத்தில் ஒருவர் "நியாயந்தான்" என்றார்.

"அத விடு! ஜிப்பு? அது ஒட்டிகினு கீதே!"

"ஒட்டாம? இது வெறும் மஞ்சள் இல்ல சார். கஞ்சி. தறிக்குப் போடற கஞ்சியில மஞ்சளக் குழைச்சி ஜிப்பு பல்லு ஒண்ணுவிடாம அடைச்சிகீறீங்க. என் கடையில ஜிப்பு கோயில் கதவு மாரி தொறந்துச்சு. நீங்களே பூட்டிட்டு சாவி எங்கன்னு என்னக் கேக்கறீங்களே?"

விற்கும்போது இருந்தால்தான் குறை. வாங்கினவன் வீட்டில் உண்டாக்கினால் அது குறும்பு. இதை என் பேச்சில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சட்டம் எனக்கு எதிராகத் திரும்பி நின்றது. கோட்டுக்குள் ஒரு சொட்டு வியர்வை கழுத்தில் புறப்பட்டு, எங்கும் தங்காமல் பாதம் வரை போனது. எனக்கு அழுகை வந்தது. கோட்டு போச்சு, காசு போச்சு, நாளைக்குச் சகலை பக்கத்தில் கஞ்சி வேட்டிக்குள் நிற்க வேண்டும். தலைவர் என்ற பட்டமும் இந்தச் சந்தோடு போச்சு.

அப்போது கூட்டம் விலகியது. தேவி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கைப்பை. இன்னொரு கையில் ப்ளாஸ்க்கு. எனக்குக் காபி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"தேவி! மஞ்சள் ஏன் கஞ்சியில குழைச்ச?"

"கொழாயில தண்ணி வரலங்க" என்றாள். அவ்வளவுதான் பதில். பிறகு கண்ணையன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இவர விடுங்க. இவரு நுகர்வோர் இல்ல."

"இன்னா?" என்றேன் நான்.

"இன்னா?" என்றார் கண்ணையன்.

"காசு குடுத்தது யாரு? நானு. என் போன்ல கீது. வாங்கினது நானு. இவரு, வாங்கினவங்க சம்மதத்தோட பயன்படுத்தறவரு. நா சம்மதிச்சாத்தான் இவருக்குக் கேள்வி கேக்கற உரிமை. நா இன்னும் சம்மதிக்கல."

என் சொற்பொழிவுகளை எல்லாம் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது தேவிதான். அவள் விரல் மட்டும்தான் வேலை செய்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

"இவரு ஜிப்புல குறைன்னு வந்தாரு. நா அப்படி வரல. பில்லு கேட்டு வந்துகீறேன். பில்லு எங்கண்ணே?"

"பில்லு வந்து... பேலுக்குத்தாம்மா..."

"பில்லு தராதது ஒண்ணு. 'எடுத்தது திரும்பாது'ன்னு போர்டு போட்டது ரெண்டு. மனு எழுதறதுக்கு எங்களுக்கு வெளிய போவத் தேவையில்ல. ஜெராக்ஸ் கடையே எங்களுதுதான். ஆனா, நமக்குள்ள எதுக்கு? சட்டத்திலயே சமரசம்னு ஒரு பகுதி கீது. மாத்திக் குடுங்க, போதும்."

"மஞ்சள் பூசின கோட்ட வாங்கிகினு நா இன்னாம்மா பண்றது?"

அப்போதுதான் நகரிப் பெரியவர் மெதுவாகக் கண்ணையன் தோளைத் தட்டினார்.

"ஆ கோட்டு எந்தண்டி?"

வேண்டுதல் கோட்டு என்ன விலை என்று கேட்கிறார். பின்னாலேயே இன்னொருவர் அதைவிடக் கூட்டிக் கேட்டார். கண்ணையன் முகத்தில் விளக்கு எரிந்தது.

"கழட்டுங்க சார், கழட்டுங்க! எது வேணுமோ எடுத்துக்கம்மா!"

தேவி ப்ளாஸ்க்கைத் திறந்தாள். காபி இல்லை. வெந்நீர். ஜிப்பின் மேல் சரியாக எந்த இடத்தில் எவ்வளவு ஊற்ற வேண்டுமோ அங்கே அவ்வளவு ஊற்றினாள். கஞ்சி இளகியது. ஒரே இழுப்பு. நான் வெளியே வந்தேன். திருத்தணியின் கத்திரிக் காற்று எனக்கு அன்றைக்கு ஊட்டிக் காற்று.

அதற்குள் தேவி உள்ளே போய் ஒரு கோட்டோடு வந்துவிட்டாள். கறுப்பு. காலரில் மினுமினுப்பு. அதன் கையில் விலை அட்டை இன்னும் தொங்கியது. பேலில் வந்தாலும் எந்த வெள்ளைக்காரன் உடம்பிலும் ஏறாத கோட்டு. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"எனக்கா தேவி?"

"போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். தோள் கொஞ்சம் இறுக்கம். பட்டன் ஒரு ஜாண் எட்டவில்லை.

"டெய்லர்கிட்ட குடுத்து சரி பண்ணிக்கலாங்க. நாளைக்கி சாயந்தரத்துக்குள்ள வந்துடும்."

"அளவு எடுக்க வேணாமா?"

"அளவு எனக்குத் தெரியாதா?"

இந்த ஊரில் எத்தனை புருஷன்மாருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி? கூட்டத்துக்கு முன்னாலேயே சொன்னேன். பக்தவச்சலம் மன்றத்தின் சார்பில் நன்றி கூறினார். அரோகராவோடு கூட்டம் இனிதே முடிந்தது.

மறுநாள் மாலை. மலைக்குக் கீழே கல்யாண மண்டபம். நான் ஐந்து மணியிலிருந்து பனியனோடு அறையில் உட்கார்ந்திருந்தேன்.

"கோட்டு எங்க தேவி?"

"டெய்லர் வந்துகினே கீறாருங்க."

"ஆறாச்சு."

"வழியில ட்ராபிக்காம். அதுவரிக்கும் அப்பா குடுத்த வேட்டிய சுத்திகினு மேடையாண்ட நில்லுங்க. வந்ததும் மாத்திக்கலாம். மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் எங்கன்னு அப்பா கேட்டுகினே கீறாரு."

வேட்டிக்குள் இறங்கினேன். அது 'வா' என்று சொல்வதுபோல் நொறுங்கியது. போய் மேடையருகே நின்று சகலையைத் தேடினேன். கோட்டும் டையுமாக வருவார், கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்தேன்.

சகலை வந்தார். வேட்டியில் வந்தார்! அதே கஞ்சி, அதே கரை, ஒற்றைக் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. முகம் சரியில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லா முருகனுக்கும் கற்பூரம் ஏற்றத் தோன்றியது. இப்போது டெய்லர் மட்டும் வந்துவிட்டால் இந்த மண்டபத்தில் ஒரே கோட்டு என் கோட்டுதான்!

நாயனம் முழங்கியது. மாப்பிள்ளைப் பையன் உள்ளே வந்தான்.

கறுப்புக் கோட்டு, அதற்கேற்ற பேன்ட்டு. காலரில் மினுமினுப்பு. தோள் அளவெடுத்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பட்டன் எட்டியது. சொல்லப்போனால் ஒரு ஜாண் மிச்சமே பிடித்துத் தைத்திருந்தார்கள். திலீப் நேராக என்னிடம் வந்து எல்லோருக்கும் முன்னால் காலில் விழுந்தான்.

"பாவா! அக்கா சொன்னா. அன்னிக்கி நீங்க திட்டினதெல்லாம் வெளாட்டாமே. எனக்கோசரம் வெயில்ல கடை கடையா அலைஞ்சீங்களாமே. கோட்டுக்காகத் தெருவுல ஒரு வேண்டுதலே எடுத்தீங்களாமே பாவா!"

மாமனார் மைக்கைப் பிடித்துவிட்டார். தன் சின்ன மாப்பிள்ளை மாதிரி மனசு யாருக்கும் வராது என்றார். மண்டபமே கை தட்டியது. நான் ஒற்றைக் கையால் கும்பிட்டேன். அதில் கொஞ்சம் பாசம், மிச்சம் கோட்டு. பெண்கள் வரிசையில் தேவியும் அவள் அக்காவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் எங்கள் இருவரையும் மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நிற்கச் சொன்னார். போய் நின்றோம்.

கோட்டு கைவிட்டுப் போனாலும் எனக்கு ஒரு ஆறுதல் பாக்கி இருந்தது. போட்டோவுக்குச் சிரித்தபடியே மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சகலை பக்கம் சாய்ந்து கேட்டேன்.

"இன்னா சகலை, பெங்களூர்லருந்து கோட்டு எடுத்துகினு வரலியா?"

அவரும் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "கோட்டு ரூம்லதான் தொங்குது சகலை. பேன்ட்டுதான் நம்ம நடுவுல நிக்குது."